807 வால்வும் ஒரு மரக்குச்சியும்

நமது ஹாம் கிளப் அறையில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு தகரப் பெட்டி இருப்பதை இன்றைய மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அது பழைய சீனியர்கள் கையால் கட்டிய பவர் ஆம்ப்ளிஃபையர். உள்ளே இரண்டு 807 வால்வுகள்.

ஆர்.சி.ஏ. நிறுவனம் 1936-இல் 6எல்6 வால்வை வெளியிட்டது. அதையே டிரான்ஸ்மிட்டருக்கு ஏற்றபடி மாற்றி, பிளேட் இணைப்பை உச்சித் தொப்பிக்குக் கொண்டுபோனார்கள், அதுதான் 807. இரண்டாம் உலகப் போரில் ராணுவ டிரான்ஸ்மிட்டர்களில் ஏராளமாக ஓடியது. 1945-இல் போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவு விலைக்கு வந்தன. ஹாம்கள் விடுவார்களா! நம் நாட்டிலும் பல பத்தாண்டுகள் 807 இல்லாத டிரான்ஸ்மிட்டர் அபூர்வம்.

மூன்றாம் ஆண்டில் வால்வு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே என்று தொப்பியில் கை வைக்கப் போனேன். "டேய், நில்லுடா!" என்று லேப் அண்ணன் கத்தினார். எர்த் ஒயர் கட்டிய மரக்குச்சியால் தொட்டார். பட்டென்று தீப்பொறி! பிளீடர் ரெசிஸ்டர் போயிருந்தது. கண்டென்சரில் சுமார் 600 வோல்ட் அப்படியே நின்றிருந்தது.

பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தார். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு தேறாது. நெடுநாள் சும்மா கிடந்த வால்வுக்கு முதலில் சில மணி நேரம் ஹீட்டரின் 6.3 வோல்ட் மட்டும். அப்புறம்தான் ஹை வோல்டேஜ். பிளேட் சிவந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். தம்பி தங்கைகளே, பெட்டியைத் தாராளமாகத் திறந்து பாருங்கள். ஆனால் முதலில் அந்தக் குச்சியை எடுங்கள். அலமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.