ஃப்ரிட்ஜ் லைட்டும் ஒரு சட்டமும்

கதவை மூடினதும் ஃப்ரிட்ஜ் லைட் அணையுதா இல்லையா? நம்ம எல்லாருக்கும் வந்த டவுட்தான். கதவோரத்துல ஒரு பட்டன் இருக்கும். விரலால அமுக்குங்க, லைட் அணைஞ்சிடும். மூடின கதவும் அதைத்தான் அமுக்குது. மேட்டர் ஓவர் :-)

ஆனா உள்ளே புகுந்தே பார்க்கலாம்னு ஒரு குழந்தைக்குத் தோணினா? நான் எம்.எஸ். படிக்கிற இந்த அமெரிக்காவுல 1950கள்ல அது விளையாட்டு இல்லை. அப்போதைய கதவுகள்ல வெளிப்பக்கம் தாழ்ப்பாள். மூடினா மாட்டிக்கும், உள்ளேயிருந்து திறக்க முடியாது. தூக்கிப்போட்ட பழைய ஃப்ரிட்ஜ்ல ஒளிஞ்சு விளையாடின குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தாங்க. காத்து புகாத பெட்டி. கத்தினாலும் வெளியே கேட்காது.

1956-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு உள்ளேயிருந்து சுலபமா திறக்கணும். குழந்தைகள் உள்ளே மாட்டினா என்ன செய்வாங்கன்னு 2 முதல் 5 வயசு வரையிலான 201 பேரை, மாதிரிப் பெட்டியில விட்டு, கண்காணிச்சபடியே சோதிச்சாங்க. அந்த ஆய்வு 1958-ல் வெளியானது. 15 பவுண்டு விசைக்குள்ள கதவு திறக்கணும்ங்கிறது விதி. தாழ்ப்பாள் போய் காந்தப் பட்டை வந்தது இப்படித்தான்.

பழைய ஃப்ரிட்ஜை வெளியே போடுறீங்களா மக்களே? கதவைக் கழட்டிட்டுப் போடுங்க.