பின்கட்டில் காத்திருந்த பெரியவர்

சீனத்து நாட்டுப்புற வீடுகளின் பின்கட்டில், தானிய மூட்டைகளுக்கும் உழவுக் கருவிகளுக்கும் நடுவே, யாருக்கும் இடைஞ்சல் தராமல் பத்து இருபது ஆண்டுகள் காத்துக் கிடந்த பெரியவர் ஒருவரை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். சவப்பெட்டி என்று சொல்வது மரியாதையல்ல. ‘ஷோவ்சாய்’ என்றுதான் வீட்டார் அவரை அழைத்தார்கள். நீண்ட ஆயுளுக்கான மரம் என்று அதற்குப் பொருள்.

தாயோ தந்தையோ அறுபதை நெருங்கும்போது, பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருகிற ஆண்டாகப் பார்த்துப் பிள்ளைகள் தச்சரை அழைப்பார்கள். செய்து முடித்ததும் விருந்துண்டு. அதன்பிறகு கறுப்பு மெருகை ஆண்டுதோறும் ஒரு பூச்சு ஏற்றிவருவார்கள். பூச்சு தடிக்கத் தடிக்க முதியவருக்கு மனம் ஆறும். பெட்டிக்குள் தானியம் கொட்டி வைத்த வீடுகளும் உண்டு. தந்தையை அடக்கம் செய்யத் தன்னையே விற்றுக்கொண்ட தோங் யோங்கின் கதையை, யுவான் காலத்துக் குவோ ஜூஜிங் தொகுத்த 24 பிள்ளைகளின் கதைகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த நிலை தம் மகனுக்கு வராது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே சான்று இந்தப் பெட்டிதான். ‘சியாவ்’ என்னும் பிள்ளைக்கடனை எழுதும் சீன எழுத்தில் மேலே முதியவரும் கீழே பிள்ளையும் இருப்பார்கள். பெட்டி அந்த எழுத்தையே மரத்தில் செய்ததுபோல் இருந்தது.

1956இல் மாவோவும் மற்றத் தலைவர்களும் தங்கள் உடல்களை எரிக்க இசைந்து கையெழுத்திட்டபோதே பின்கட்டுப் பெரியவருக்கு நோய் கண்டுவிட்டது எனலாம். விளைநிலம் குறைவு, மரம் குறைவு என்ற காரணங்களும் பொய்யல்ல. பிள்ளைகள் தென்கடற்கரைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மெருகு பூச வேண்டிய கை மாதாமாதம் பணம் அனுப்பியது. நகரத்தில் பிறந்த பேரனுக்கு விடுமுறையில் அந்த அறைப்பக்கம் போகவே பயம். அவனை என்ன சொல்வது? வளர்ந்த பிள்ளைகளே பெற்றோரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கடைசி நாட்கள் கொடியவை. 2014 ஜூன் 1 முதல் எரியூட்டல் மட்டுமே என்று அன்ஹுய் மாநிலத்து அன்சிங்கில் அறிவித்தபோது, தங்கள் பெட்டியில் அடங்கிவிட வேண்டும் என்று முதியவர்கள் சிலர் அந்தத் தேதிக்கு முன்பே உயிரை விட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அறிவிப்புக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பில்லை என்றார்கள் அதிகாரிகள். 2018இல் ஜியாங்சி மாநிலத்தில் பெட்டிகளை வீடுவீடாக வாரிக்கொண்டுபோய் மண்வாரி இயந்திரத்தால் நொறுக்கினார்கள். விட மனமில்லாத கிழவர்கள் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். விழிப்பும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் அங்கே படுத்திருந்தவர்களின் படங்களைப் பார்த்த அரசு ஏடுகளே மனம் பொறுக்காமல் கண்டித்தன.

நல்ல பெட்டி மரத்துக்குப் பேர்போன லியூஜோ நகரத்தில் இப்போது உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகளைச் செய்து விற்கிறார்கள். சவப்பெட்டிக்கான சீனச் சொல் பதவி, செல்வம் என்னும் சொற்களின் ஒலியோடு ஒத்துப்போவதால், மேசைமேல் வைத்தால் அதிர்ஷ்டமாம். மெருகெல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது.