சூத்திரத்தின் 96ம் ஒரு பகா எண்ணும்

சமண ஆகமங்களில் எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கோடியோடு நிற்காது. அனுயோகத்துவார சூத்திரம் (இது சுவேதாம்பரர் ஆகமம், தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர்) மனிதர் தொகையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. இரண்டின் வர்க்கம் நான்கு. அதன் வர்க்கம் பதினாறு. இப்படியே போய், ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கச் சொல்கிறது. அதாவது 96 முறை பாதியாக்கக்கூடிய எண். இன்றைய குறியீட்டில் 2⁹⁶; 29 இலக்கம். இப்படிப் பாதியாக்கும் தடவைக்கு 'அர்த்தச்சேதம்' என்று பெயர். எங்கள் வீரசேனாசாரியர் தவளா உரையில் அதற்குக் கணக்கு விதிகளே தந்திருக்கிறார்.

இந்த 2⁹⁶ இன்று நம் கைப்பேசிக்குள் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் திறந்த பிறகு, தீவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவது நொடி வேலையாகிவிட்டது. இணையத்தில் அப்படிப் போகும் செய்திகளைப் பூட்டும் முறைகளில் பெரிதும் புழங்குவது 'பி-256'. அதன் அடித்தளம் 78 இலக்கமுள்ள ஒரு பகா எண்:

2²⁵⁶ − 2²²⁴ + 2¹⁹² + 2⁹⁶ − 1

எதற்குப் பகா எண்? பூட்டுக் கணக்கில் வகுத்தல் தடைபடக் கூடாது. கிழமை எண்ணுவதுபோல ஏழு ஏழாகத் தள்ளி மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூவைந்து பதினைந்து, மிச்சம் 1. ஆகவே அங்கே 3ஆல் வகுப்பதும் 5ஆல் பெருக்குவதும் ஒன்றே. பூஜ்யம் தவிர எல்லா எண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. ஆறு ஆறாகத் தள்ளினால் 3க்கு ஜோடியே கிடைக்காது. 6 பகுபடும் எண்.

பகா எண்கள் ஏராளம் இருக்க, இது ஏன்? மிச்சம் காண்பது சுலபம். 4567ஐ 99ஆல் வகுக்கவே வேண்டாம். 45ம் 67ம் கூட்டினால் 112. மறுபடி 1ம் 12ம் கூட்டினால் 13. அதுதான் மிச்சம். 99, நூறுக்கு ஒன்று குறைவு என்பதால் வரும் வசதி இது. நம் பகா எண்ணுக்கும் அதே வசதி, ஆனால் இரண்டின் அடுக்குகளில். 96, 192, 224, 256 நான்குமே 32இன் மடங்குகள். கணினி எண்ணை 32 இருமை இலக்கத் துண்டுகளாக நறுக்கி, கூட்டிக் கழித்தே வேலையை முடித்துவிடும். இவ்வகை எண்களை 1999இல் முறைப்படுத்தியவர் அமெரிக்கர் ஜெரோம் சொலினாஸ்.

அப்படியானால் ஆகமத்து 96தான் அமெரிக்கா போனதா? இல்லீங்க. 'எல்லாம் நம்மவர் அன்றே சொன்னது' என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. இரண்டை வர்க்கத்தின் மேல் வர்க்கமாக்கினால் அடுக்கு 32, 64 என்று தானாக வரும்; கணினியின் அறைகளும் இரட்டித்து வளர்ந்தவை. இருவரும் தனித்தனி வழியில் வந்தார்கள். மேலும் 96 முறை பாதியாகும் எண் பகா எண்ணாகவே இருக்க முடியாது. கடைசியில் நிற்கும் அந்த 'ஒன்று குறைவு'தான் மொத்தத்தை ஒற்றைப்படை ஆக்குகிறது.

பிள்ளைகள் ஒரு காகிதத்தில் இரண்டை ஆறு முறை வர்க்கமாக்கிப் பார்க்கட்டும். ஐந்தாவது 4294967296, ஆறாவது 18446744073709551616. இவ்விரண்டையும் பெருக்கினால் சூத்திரத்தின் எண்: 79228162514264337593543950336.