ஒரு உரிமம், பல கணினிகள்
1980களில் தனிநபர் கணினிக்கான மென்பொருள் நெகிழ்வட்டில் விற்கப்பட்டது. படியெடுப்பதைத் தடுக்க, 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 போன்றவை மூல வட்டையே சாவியாக்கின. நிரலைத் திறக்கும்போது அந்த வட்டு கணினியில் செருகப்பட்டிருக்க வேண்டும். அதில் கீறல் விழுந்தால், காசு கொடுத்து வாங்கியவருக்கும் வேலை ஓடாது.

அதே ஆண்டு 50 டாலருக்கும் குறைவான விலையில் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்க மென்பொருளைக் கொண்டுவந்த போர்லாண்ட் நிறுவனம், பின்னர் வேறு வழியில் போனது. அதன் உரிமம் மென்பொருளைப் புத்தகமாகவே கருதியது. எந்தக் கணினிக்கும் மாற்றலாம், யாரும் பயன்படுத்தலாம். ஒரே புத்தகத்தை இரண்டு ஊர்களில் இருவர் ஒரே வேளையில் படிக்க முடியாததுபோல, ஒரே பிரதி ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஓடக்கூடாது. இவ்வளவு தெளிவும் நேர்மையும் கொண்ட உரிமங்கள் அரிது.

இதற்கு நேர்மாறாக, 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், இணையம் அல்லது தொலைபேசி வழியாக உரிமத்தைக் கணினியின் வன்பொருளோடு பிணைத்தது.

சந்தா முறை அந்தக் கட்டைத் தளர்த்தியது. 2013 ஜனவரியில் வந்த ஆபிஸ் 365 ஹோம் பிரீமியம், ஆண்டுக்கு 99.99 டாலருக்கு வீட்டிலுள்ள 5 கணினிகளில் இயங்கியது. 2018 அக்டோபரில் நிறுவும் கணினிகளுக்கான வரம்பு நீங்கியது. ஒருவர் ஒரே நேரத்தில் 5 சாதனங்களில் உள்நுழையலாம் என்றானது. ஆனால் சந்தா தீர்ந்தால் கோப்புகளைப் படிக்கலாம், திருத்த முடியாது.