விருப்பாச்சியில் கூடிய கூட்டணி



போன வாரம் நம் குடும்பக் குழுவில் தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டான். "பெரியப்பா, நம்ம கொடைக்கானலுக்கு வரலாறுன்னு என்ன இருக்கு? வெள்ளைக்காரன் வந்து பங்களா கட்டினதுதானே?" அதற்கு நான் பதில் எழுதுவதற்குள் இன்னொருவர் ஒரு படம் போட்டார். பாளையக்காரர் ஒருவரின் படம். கீழே சாதிப் பெயர், வாளோடு சிங்கம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்தால் ஓடுவீர்கள், இங்கே மணி இல்லை, பொறுமையாகப் படியுங்கள்.

லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளக்க வந்தது 1821-இல். அமெரிக்க மிஷனரிகள் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-இல். அதற்கு முன்பே மேல்மலைக் கிராமங்களில் மன்னாடியார்கள் இருந்து ஊரை நடத்தினார்கள். மலையடிவாரத்தில் பழனி, ஆயக்குடி, விருப்பாச்சி, கன்னிவாடி என்று வரிசையாகப் பாளையங்கள். இப்போது விருப்பாச்சி என்றால் பலருக்கும் மலைவாழைதான் ஞாபகம் வரும். பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம் போல் வராது, உண்மைதான். ஆனால் 1800-இல் தென்னிந்தியாவின் பெரிய கூட்டணி ஒன்று கூடிப் பேசியதும் அந்த ஊரில்தான்.

பாளையம் என்றால் என்ன? ராஜ்யமா, ஜமீனா? இரண்டும் இல்லை. 1529-இல் மதுரையில் ஆட்சிக்கு வந்த விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாதரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். பாளையக்காரர் தன் எல்லைக்குள் வரி வாங்குவார், வழக்குத் தீர்ப்பார், காவல் பார்ப்பார், போர் என்றால் படையோடு வருவார். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி அவருக்கு என்பது மரபு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கு ஒன்று காவல் காத்தார்கள் என்றும் சொல்வார்கள். திண்டுக்கல் சீமைப் பாளையங்களுக்கு கன்னிவாடியார் தலைவர் என்ற மரியாதையும் உண்டு. ஆக, உள்ளூரில் அவரவர் ராஜா, மேலே ஒருவர், நடுவில் ஒரு மூத்தவர். அந்த ஏற்பாடு இரண்டு நூற்றாண்டு ஓடியது.

1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. மேலே இருந்த அந்த ஒருவர் போய்விட்டார். ஆர்க்காட்டு நவாப் எனக்குக் கப்பம் கட்டு என்றார், மைசூர் எனக்குக் கட்டு என்றது, கடைசியில் கம்பெனியும் கேட்டது. இத்தனை பேரையும் சமாளிக்க வேண்டுமானால் பாளையங்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கை கோக்க வேண்டியிருந்தது.

அப்படிக் கை கோத்ததில் முதல் பெரிய சாட்சி வேலு நாச்சியார். 1772 ஜூனில் காளையார்கோவிலில் கணவர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகளோடு அவர் வந்து தங்கியது சிவகங்கைச் சீமைக்கு வெளியே, நம் விருப்பாச்சியில். அடைக்கலம் தந்தவர் கோபால் நாயக்கர். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு ஆண்டு! பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதிப் படை கேட்டார். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு ஆண்டில் விருப்பாச்சிக்கும் சிவகங்கைக்கும் ஏற்பட்ட நம்பிக்கைதான் பின்னால் கூட்டணிக்கு அடித்தளம் என்பது என் கருத்து.

1792-இல் திப்பு தோற்று, திண்டுக்கல் கம்பெனி வசம் வந்தது. வரி ஏறியது. 1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தனித்தனியாக நின்றால் தனித்தனியாகத்தான் தொங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கோபால் நாயக்கர், மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர் சேர்ந்தது திண்டுக்கல் கூட்டணி. அதற்கு வெளியே பெரிய வட்டம்: சிவகங்கையில் மருது சகோதரர்கள், மலபாரில் கேரளவர்மா, மைசூர்ப் பக்கம் கிருஷ்ணப்ப நாயக்கரும் துந்தாஜி வாக்கும். கொங்கு நாட்டுக் கவுண்டர்கள், முஸ்லிம் தளபதிகள், மறவர், நாயக்கர், மராட்டிய வம்சத்தவர், மலையாள அரச குடும்பத்தவர் எல்லோரும் உள்ளே. குழுவில் படம் போட்ட அன்பர் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். ஒரு சாதிக்காரர்கள் மட்டும் கூடியிருந்தால் அது விருப்பாச்சியைத் தாண்டியே போயிருக்காது.

இந்தக் கூட்டணி எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு எப்போதும் சுவாரசியம். தலைநகர் கிடையாது. பொதுக் கருவூலம் கிடையாது. பொதுத் தளபதி கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தலைவர், அவரவர் படைக்கு அவரவர் சோறு. தூதர்கள் ஓலையோடு காட்டு வழியில் நடந்தார்கள். பெரிய முடிவென்றால் நேரில் கூடினார்கள். 1800 ஏப்ரல் கடைசியில் அப்படிக் கூடித்தான் கோவைக் கோட்டையைத் தாக்க ஜூன் 3 என்று நாள் குறித்தார்கள். அன்று மொகரம். கோட்டைச் சிப்பாய்களில் பலர் பண்டிகையில் இருப்பார்கள் என்ற கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது. தாக்குதல் தோற்றது, பிடிபட்டவர்களில் 42 பேரைத் தூக்கிலிட்டார்கள். செப்டம்பர் 10 அன்று துந்தாஜியும் போரில் இறந்தார். வடக்குக் கை அதோடு முறிந்தது.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதும் மறுபடி தீ பிடித்தது. ஜூன் 16 அன்று சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது பாளையக்காரர்களுக்கு எழுதிய ஓலை அல்ல, எல்லாச் சாதியாருக்கும் எழுதியது. தலைவர்களின் கூட்டணியை மக்களின் கூட்டணியாக மாற்ற நடந்த முயற்சி அது. ஆனால் ரொம்பத் தாமதம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். சென்னையில் ஒரே கவர்னர், ஒரே கஜானா, ஒரே உத்தரவு. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனி பக்கம் நின்றன. போர் நடக்கும்போதே, 1801 செப்டம்பரில், கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு அரசர் என்று கம்பெனி முடிசூட்டி, மருதுவின் பின்னால் நின்ற குடிகளையே இரண்டாகப் பிரித்தது. வகுப்பில் தோல்விக்குக் காரணம் கேட்டால் "துரோகம்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதுவீர்கள். நான் அரை மதிப்பெண்தான் போடுவேன். துரோகம் எல்லாக் காலத்திலும் உண்டு. ஒருவர் விலகினாலும், ஒரு செய்தி கசிந்தாலும் தாங்குகிற கட்டமைப்பு இவர்களிடம் இல்லை. ஒரு வட்டாரம் அடி வாங்கும்போது அடுத்த வட்டாரத்துக்குச் செய்தி போய்ச் சேரவே நாள் கணக்கானது.

இது பழங்கதை மட்டுமில்லை. 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கிய சார்க் அமைப்பைப் பாருங்கள். காத்மாண்டில் செயலகம் இருக்கிறது, பொதுச் செயலாளர் இருக்கிறார், மாலத்தீவுக்கும் இந்தியாவுக்கும் சம வாக்கு. ஆனால் எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு, இரு நாட்டுச் சண்டையைச் சபையில் பேசக்கூடாது என்று சாசனத்திலேயே இருக்கிறது. 2014-க்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. விருப்பாச்சியாருக்குச் செயலகம் இல்லை, ஆனால் கூடினார்கள். இவர்களுக்குச் செயலகம் இருக்கிறது, கூடவில்லை!

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோபால் நாயக்கர் ஆனைமலைப் பக்கம் குடியானவர்கள் துணையோடு போராடி 1801-இல் வீழ்ந்தார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில். 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். எஞ்சிய பாளையக்காரர்கள் படையையும் காவல் உரிமையையும் இழந்து ஜமீன்தார் ஆனார்கள்.

விருப்பாச்சியில் கோபால் நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய ஓலையோ பட்டயமோ இருந்தால், மன்னாடியார் காலத்துக் கதை தெரிந்தால், கேட்டு எனக்கு எழுதுங்கள். படம் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்தில் வைத்து எடுங்கள்.