வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ்: மார்மன்கள் ஹைதராபாத்துக்கு வந்த கதை

குகட்பள்ளி முழுக்க வெளியூர்க்காரர்களின் பேட்டை. ஹவுசிங் போர்டு காலனியில் கடலோர ஆந்திராக்காரர்கள், ஹாஸ்டல்களில் சாஃப்ட்வேர் பையன்கள், நடுவில் நம்மைப் போல் சில தமிழ்க் குடும்பங்கள். இப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாரையும் 'எந்த ஊர்?' என்று கேட்காமல் விடுவதில்லை. ஆனாலும் ஹைதராபாத்தில் ஒரு ரகத்துப் பையன்களைப் பார்த்தால் கேள்வி கொஞ்சம் தயங்கும். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்பு பேட்ஜ். எப்போதும் இரண்டு பேராகத்தான் நடப்பார்கள். மருந்துக் கம்பெனி ரெப் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வயது இருபதைத் தாண்டியிருக்காது.

இவர்கள் மார்மன் ஊழியக்காரர்கள். சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. பைபிளோடு 'மார்மன் புஸ்தகம்' என்ற இன்னொரு நூலையும் வேதமாக ஏற்பதால் மற்ற கிறிஸ்தவ சபைகள் பலவும் இவர்களைத் தங்களில் ஒருவராகச் சேர்ப்பதில்லை. 2018-லிருந்து 'மார்மன்' என்ற பட்டப்பெயர் வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று சபையே கேட்டுக்கொள்கிறது. நமக்கு வாயில் நுழைய வேண்டுமே என்பதால் இந்தப் பதிவில் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன் :)

சரி, இவர்கள் நம்ம ஊர்ப்பக்கம் எப்படி வந்தார்கள்? கதை ஹைதராபாத்தில் தொடங்கவில்லை. முதல் முயற்சிகளில் ஒன்று நம் சென்னையில்தான் நடந்தது, அதுவும் 1853-ல்!

மதராஸில் இரண்டு பேர்

1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு கூட்டம். உலகம் முழுக்க அனுப்ப நூறு பேருக்கு மேல் பெயர் வாசித்தார்கள். அதில் ஒன்பது பேருக்கு இந்தியா. முன்கூட்டி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். 1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார்கள். ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் என்ற இருவருக்கு மதராஸ் ஒதுக்கப்பட்டது. ஜூலையில் வந்து சேர்ந்தார்கள். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக்கில் 1849-ல் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவரும் இவரே.

கையில் காசில்லாமல் போக வேண்டும் என்பது அந்தக் கால விதி. யாராவது சோறு போட்டால் சாப்பாடு, இடம் கொடுத்தால் தூக்கம். யூட்டாவின் கிராமத்துக்குச் சரிப்பட்ட விதி, மதராஸின் ஆடி வெயிலுக்குச் சரிப்படுமா? 1854-ல் ஆங்கிலத்தில் ஒரு மாதப் பத்திரிகைகூட இங்கே அச்சிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில், உடம்பு கெட்டுப்போய், பாலன்டைன் ஊர் திரும்பினார். ஸ்கெல்டன் 1856 வரை இந்தியாவில் தாக்குப்பிடித்தார்.

இந்தியா முழுவதிலும் சேர்ந்தவர்கள் அறுபதைச் சுற்றித்தான். ஏன் தோற்றது? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, பேச்சு ஆங்கிலம். கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் யூரேசியர்களும். பல கன்டோன்மென்ட்களில் அதிகாரிகள் உள்ளேயே விடவில்லை. தமிழ் பேசுகிற மதராஸுக்கு இவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இரண்டு, பலதார மணம். இவர்களை அனுப்பிவைத்த அதே 1852 கூட்டத்தில்தான் சபை அதை வெளிப்படையாக அறிவித்தது. ஊழியக்காரர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அந்தச் செய்தி பத்திரிகைகளில் ஏறிவிட்டது. (1890-ல் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அப்படிச் செய்பவரைச் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள்.)

மூன்றாவதுதான் முக்கியம். சேர்ந்தவர்கள் எல்லோரும் யூட்டாவுக்கு வந்து ஒன்றுகூட வேண்டும் என்பது அன்றைய போதனை. அதாவது விதைத்த இடத்திலேயே பயிரைப் பிடுங்கி வேறு நிலத்தில் நடுவது. பம்பாயில் பிறந்த எலிசபெத் சேவியர் டேட் என்ற பெண் அப்படிக் கிளம்பினவர்களில் ஒருவர். 1856-ல் தள்ளுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்கச் சமவெளியை நடந்தே கடந்த ஒரு கூட்டத்தோடு போனார். வழியில் அந்தக் கூட்டம் முன்கூட்டியே வந்த பனியில் மாட்டிக்கொண்டு பலர் செத்துப்போனார்கள். எலிசபெத் பிழைத்து யூட்டா போய்ச் சேர்ந்தார். பம்பாய் எங்கே, அந்தப் பனி எங்கே! விசாவும் விமானமும் உள்ள நம் புலம்பல்களை எல்லாம் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கோவையும் சமோவாவும்

அதன்பின் சுமார் நூறு வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை. 1954-ல் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்ற தமிழர் கையில் மார்மன் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தது. அவரே சால்ட் லேக்குக்குக் கடிதம் எழுதினார். விடாமல் எழுதினார். 1965-ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. பதினொரு வருஷம்! போதகர் தேடி வரவில்லை, இவர்தான் போதகரைத் தேடினார்.

ஹைதராபாத் கதை இன்னும் சுவாரஸ்யம். எட்வின் தர்மராஜு என்ற தெலுங்கர், பூச்சியியல் விஞ்ஞானி. வேலை நிமித்தம் மனைவி எல்சியோடு பசிபிக் தீவான சமோவாவில் குடியிருந்தார். சமோவாவில் மார்மன் சபை மிகவும் வேரூன்றியது. அங்கேதான் குடும்பம் சபையில் சேர்ந்தது. 1978 டிசம்பரில் இருவரும் குறுகிய கால ஊழியக்காரர்களாக ஹைதராபாத்துக்கு வந்தார்கள். மேடை போட்டுப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். சுமார் இருபது உறவினர்கள் சேர்ந்தார்கள். கிறிஸ்தவப் போதகரான எல்சியின் தந்தையே மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் மொழிபெயர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். 1982-ல் தெலுங்கு, தமிழ், ஹிந்தி மூன்றிலும் அந்நூலின் பகுதிகள் வெளிவந்தன.

பிறகு வேகம்தான். 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய ஊழியப் பிரிவு. 2012 மே மாதம் இந்தியாவின் முதல் 'ஸ்டேக்' (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஹைதராபாத்தில். கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று பெருநகரங்களில் கப்பல் கப்பலாக வந்திறங்கியும் ஆகாத காரியம், வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு குடும்பம் லீவில் ஊருக்கு வந்தபோது ஆனது.

ஆறரை மணி முதல் பத்தரை மணி வரை

இன்றைய பையன்களுக்கு வருவோம். உலகம் முழுக்க இப்படி 70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். சேரும் வயது ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்றிருந்ததை 2012-ல் 18, 19 என்று குறைத்தார்கள். சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பம் என்றால் 2020-லிருந்து மாதம் 500 டாலர் தாங்களே கட்ட வேண்டும்.

காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. பிறகு வெளியே. இரவு ஒன்பது ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பி, பத்தரைக்கு விளக்கணைப்பு. (2017-லிருந்து ஊருக்கேற்ப நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.) சினிமா இல்லை, காதல் இல்லை, ஜோடியை விட்டுத் தனியே போகக் கூடாது. துணி துவைக்க, கடைக்குப் போக வாரத்தில் ஒரு நாள். அழைக்கும் பெயர் 'எல்டர்', அதாவது மூப்பர். பத்தொன்பது வயதில் மூப்பர்!

டீ, காபி, மது, புகையிலை கூடாது. 1833-லிருந்து வரும் கட்டளை. இரானி சாய் ஊரில் டீ குடிக்காமல் இரண்டு வருஷம்! நம் வீட்டுக்கு வந்தால் ஃபில்டர் காபியையும் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். வந்தவருக்குக் காபி கொடுப்பதுதான் மரியாதை என்றிருக்கும் வீட்டில் அதை வேண்டாம் என்று சொல்லத் தனிப் பயிற்சியே வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். சாப்பிடாத வேளைகளின் காசு ஏழைகளுக்குப் போகும்.

எனக்கு உறைத்தது இன்னொன்று. 2019 பிப்ரவரி வரை இவர்கள் வீட்டுக்குப் போனில் பேசியது வருஷத்துக்கு இரண்டே முறை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்றபடி வாரம் ஒரு மெயில். ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று, மீட்டரைப் பார்த்துக்கொண்டே 'நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்க?' என்று முடித்துக்கொண்ட தலைமுறைக்கு இதன் கனம் தெரியும். இப்போது வாரம் ஒரு முறை வீடியோவில் பேசலாம்.

வெளிநாட்டுப் பையன்களுக்கு விசா கஷ்டம் என்பதால் இந்தியாவில் இந்த வேலையில் பெரும்பங்கு இந்தியப் பிள்ளைகளுடையது. தெலுங்கே தெரியாத தமிழ்ப் பையன் ஆந்திராவுக்கும், தமிழ் தெரியாத தெலுங்குப் பையன் தமிழ்நாட்டுக்கும் போக நேரும். 1853-ல் பாலன்டைன் கடக்காத மொழி வேலியை, இப்போது பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள் திக்கித் திணறிக் கடக்கிறார்கள்.

மதம் மாற்றுவது நம் நாட்டில் சூடான விஷயம். கோபப்படுகிறவர்களுக்கும் காரணங்கள் உண்டு, ஒருவர் தன் மனசுக்குப் பட்டதை நம்புவது அவர் உரிமை என்பதும் உண்மை. இந்தச் சபையின் விதிப்படி மைனர் பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதமும், கல்யாணமானவருக்குத் துணையின் சம்மதமும் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. விதியை எழுதுவது சுலபம். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் வேறு பக்கம் திரும்பினால், அப்புறம் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் யார் எங்கே உட்காருவது என்பதை எந்த விதியும் சொல்லித் தருவதில்லை. தர்மராஜு குடும்பம் வேர் பிடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அங்கே யாரும் தனியாகப் போகவில்லை, வீடே சேர்ந்து போனது.

நம்மவர்கள் போன இடத்துக்கெல்லாம் மாரியம்மனையும் முருகனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827-லேயே வந்துவிட்டது. பத்துமலையையும் எல்லோருக்கும் தெரியும். கொண்டுபோன கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். கொண்டுவந்த கதைகளும் உண்டு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் சாக்லேட், சென்ட், டைகர் பாம் என்று அடுக்குகிறோம். கூடவே நாம் பிழைக்கப் போன ஊரின் பழக்கமும் நம்பிக்கையும் எடை போடாமல் வந்துவிடுகின்றன. ஊரில் நமக்காகக் காத்திருக்கும் அக்கா, மாமா, சித்தி எல்லோரும் சாக்லேட்டோடு அதையும் வாங்கிக்கொள்கிறார்கள்.