கடலுக்குச் சென்ற குரல்

வானொலி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பாடல்களும் செய்திகளும்தாம். கடலில் இருப்போருக்கு அஃது உயிர்காக்கும் கருவி என்பதை வகுப்பில் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரிட்டனில் நிகழ்ந்த நெடிய கதை ஒன்று உண்டு.

1859 அக்டோபரில், மெல்பர்னிலிருந்து பயணிகளோடும் தங்கத்தோடும் லிவர்பூல் நோக்கி வந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், வேல்ஸ் பகுதியின் ஆங்கில்சி தீவருகே புயலில் சிக்கி உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள், ஊர் சேரும் தறுவாயில் மடிந்தார்கள்.

அப்போது வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் பயணம் செய்த 'பீகிள்' கப்பலின் தலைவரும் இவரே. புயல் நகர்ந்து செல்வது. ஆகவே, அது முதலில் தாக்கும் ஊர் தந்தி அடித்தால் அடுத்த ஊர் விழித்துக்கொள்ளலாம் என்று அவர் கருதினார். 1861 பிப்ரவரியில் எச்சரிக்கைகள் தொடங்கின. தந்தி கிடைத்ததும் துறைமுகக் கம்பத்தில் கூம்பு ஒன்றை ஏற்றுவார்கள். முனை மேல்நோக்கியிருந்தால் வடக்கிலிருந்து கடுங்காற்று; கீழ்நோக்கியிருந்தால் தெற்கிலிருந்து.

கணிப்புகள் சில வேளைகளில் பொய்த்தன, ஏளனமும் வந்தது. 1865-இல் ஃபிட்ஸ்ராய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். போதிய அறிவியல் அடிப்படை இல்லையென்று கூறி, 1866-இல் அறிஞர் குழு எச்சரிக்கைகளை நிறுத்தியது. கடலோடிகளும் துறைமுகத்தாரும் விடவில்லை. மறு ஆண்டே எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. குறையுள்ள எச்சரிக்கையும் வேண்டும் என்று கேட்டவர்கள், உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்தவர்கள். அவர்கள் கேட்டதே சரி என்பது என் எண்ணம்.

ஆயினும், கூம்பு கரைக்கு அருகில் இருப்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். நடுக்கடலுக்குப் போய்விட்ட படகுக்கு அதனால் என்ன பயன்? இக்குறையைத் தீர்த்தது வானொலி அலை. 1911-இல் கம்பியில்லாத் தந்தி வழியே கப்பல்களுக்குக் கடுங்காற்று எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினர். அதுவோ மோர்ஸ் குறியீடு. கருவியும் வேண்டும், பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். 1925-இல் பிபிசி நீண்ட அலையில் அறிக்கையை வாசிக்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. சாதாரண வானொலிப் பெட்டியும் கேட்கும் காதும் போதும் என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் இக்குரல் அடங்கியது. எதிரியும் கேட்பான் அல்லவா?

தமிழாசிரியரான எனக்கு வியப்பளிப்பது அவ்வறிக்கையின் மொழி. பிரிட்டனைச் சூழ்ந்த கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றின் வரிசை மாறாது. ஆதலால், தம் பகுதி எப்போது வரும் என்பது கேட்பவருக்குத் தெரியும். முழு அறிக்கையும் ஏறத்தாழ 350 சொற்களுக்குள் அடங்க வேண்டும். கடுங்காற்று எச்சரிக்கையில் 'உடனடியாக' என்றால் 6 மணி நேரத்திற்குள். 'விரைவில்' என்றால் 6 முதல் 12 மணி நேரம். 'பின்னர்' என்றால் அதற்கும் பிறகு. நாம் 'விரைவில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு மறுவாரம் போவதுபோல் அங்கே நடவாது!

2002-இல், 'ஃபினிஸ்டர்' என்றிருந்த கடற்பகுதியின் பெயர் 'ஃபிட்ஸ்ராய்' என மாற்றப்பட்டது. ஏளனத்துக்கு ஆளானவரின் பெயர் அன்றுமுதல் எச்சரிக்கையிலேயே ஒலிக்கிறது.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சியாக இதனைக் கொடுத்துப் பார்க்கலாம்: புயல் வருகிறது, படகில் இருப்பவருக்கு 30 சொற்களில் செய்தி சொல்ல வேண்டும். அடைமொழிகள் எவ்வளவு விரைவாக உதிர்கின்றன என்று பாருங்கள்.